30 விநாடி வீணைக்கு இவ்வளவு கூத்தா!

1999 டிசம்பர். சென்னையில் நண்பன் வீட்டுக் கூடம். இரவு 11.30. ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி ஐந்து தலைகள். திரையில், கர்நாடக இசை சி.டி.க்கள் விற்கும் ஒரு தளம். ஒவ்வோர் உருப்படியின் பெயருக்குப் பக்கத்திலும் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம். அதை அழுத்தினால் 30 விநாடி கேட்கலாமாம். பிடித்திருந்தால் சி.டி. வாங்கலாமாம். வாங்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. கேட்டே தீர வேண்டும் என்ற வெறி மட்டும் ஐவருக்கும் இருந்தது.

கிளிக்.

‘பஃபரிங்’ என்று ஒரு வார்த்தை. 14 சதவீதம். 31. மறுபடியும் 31. இன்னும் 31. ஈஸிசேரில் சாய்ந்திருந்த நண்பனின் தாத்தா, “என்னடா, வித்வான் இன்னும் மேடைக்கு வரலியா?” என்றார். 78. 100.

டொய்ங்ங்ங்!

வீணை! கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரிலிருந்து, எங்கள் கூடத்துக்கு, வீணை! நாங்கள் போட்ட கூச்சலில் பாதி வீணை அமுங்கிப் போனது. மீதிப் பாதியைக் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத் தாத்தா சொன்னார்: “வாசிக்கிறது யாருன்னு தெரியல. ஆனா கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிறார்.”

அந்த ஒரு ‘டொய்ங்’குக்காக நாங்கள் நான்கு நாள் பட்ட பாடு இருக்கிறதே! தெருக்கூத்துத் திடலில், பெரியவர்கள் அசந்த நேரம் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துரியோதனன் டீ குடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்த பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வராது. அதே குஷி எனக்கு அந்த நான்கு நாளும் இருந்தது. உங்களையும் கூட்டிப் போகிறேன். ஒரே ஒரு திருத்தம். நாங்கள் மோடத்திலிருந்து தொடங்கி உள்ளே வந்தோம். நீங்கள் காதிலிருந்து தொடங்கி வெளியே போகப் போகிறீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

நான்கு கறுப்பு ஓட்டைகள்

காதுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஸ்பீக்கர். அதன் வயர் போய்ச் சேரும் இடம் சவுண்ட் கார்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குப் பிறவியிலேயே வாய் கிடையாது. ‘பீப்’ என்று முனகத் தெரியும், அவ்வளவுதான். பேச வேண்டும், பாட வேண்டும் என்றால் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும். சிங்கப்பூர்க்காரரான சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அந்தச் சந்தையையே வளைத்துப் போட்டது. எங்களுக்குக் கிடைத்தது சவுண்ட் பிளாஸ்டர் 16. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எங்கள் மெஷினை அசெம்பிள் செய்து கொடுத்த அண்ணன்தான் பேரம் பேசினார்.

கேபினெட்டைத் திறந்து, கார்டை அழுத்தி, திருகு முடுக்கி, பின்பக்கம் திருப்பினால் நான்கு ஓட்டைகள். நான்கும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. தகட்டில் எறும்பு ஊர்ந்ததுபோல ஏதோ அச்சு. மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய், டார்ச் வெளிச்சத்தில், ஒரு உத்தேசமாகச் செருகினேன். நான் செருகியது மைக் ஓட்டை! சத்தம் வெளியே வர வேண்டிய வயரை, சத்தம் உள்ளே போகிற வாசலில் நிறுத்திவிட்டேன். முதல் நாள் முழுக்க மோடத்தைத் திட்டித் தீர்த்தோம். அது பாவம்.

இந்தக் கூத்து எங்கள் கூடத்தில் மட்டும் நடக்கவில்லை போலும். இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த ‘பி.சி. 99’ வரையறை, ஓட்டைகளுக்கு வண்ணம் பூசிவிட்டது. ஸ்பீக்கருக்கு இளம்பச்சை, மைக்குக்கு ரோஸ், வெளியிலிருந்து வரும் ஒலிக்கு வெளிர் நீலம். இன்றைக்கு உங்கள் மேசைக் கம்ப்யூட்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பச்சை இருக்கும். என்னைப் போன்றவர்களுக்காகப் பூசிய பச்சை!

220, 5, 1

வயர் சரியான ஓட்டைக்குப் போயாயிற்று. அப்படியும் மௌனம். அண்ணன் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், ஒரு மந்திரம் சொன்னார்: “தம்பி, 220, 5, 1. இத மனப்பாடம் பண்ணிக்கோ.”

சவுண்ட் கார்டுக்குப் பிராசஸரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். வகுப்பில் பையன் கை தூக்குகிற மாதிரி. எந்தக் கை என்று அடையாளம் காண ஆளுக்கொரு எண் உண்டு. 7 வழக்கமாகப் பிரின்டருக்குப் போகும். எங்கள் கார்டுக்கு 5. வீட்டு முகவரி 220. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் மெமரியிலிருந்து ஒலியை நேரே அள்ளிக்கொள்ளும் வாய்க்கால் எண் 1. இதே எண்ணை வேறொரு கார்டும் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அண்ணன் எண்களைச் சரிசெய்து, டிரைவரை ஏற்றி, மெஷினை அணைத்துப் போட்டார்.

அப்போது வந்தது பாருங்கள், விண்டோஸ் 95-ன் அந்தத் தொடக்க ஒலி! மேகத்துக்குள்ளிருந்து மணி அடிப்பதுபோல் மெல்ல விரியும் ஒலி. அதை அமைத்தவர் பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ. விண்டோஸுக்கான அந்த ஒலியை அவர் அமைத்தது போட்டிக் கம்பெனியான ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில்! பிற்காலத்தில் அவரே பேட்டியில் சொன்ன சங்கதி இது. சமையல்காரர் பக்கத்து ஓட்டலில் போய்ச் சாப்பிடுகிற கதை.

அந்த மணி ஒரே ஒருமுறைதான் கேட்டது. அடுத்த நாள் மறுபடி மௌனம்! ஆனால் இந்த மௌனம் விசித்திரமானது. மியூசிக் சி.டி. போட்டால் பாடுகிறது. விண்டோஸோடு வரும் ‘கேன்யன்’ என்ற மிடி ஃபைல் ஜோராக வாசிக்கிறது. ‘டடா’ என்ற குட்டி ஒலி மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்றும் ஒரே கார்டு, ஒரே ஸ்பீக்கர்!

உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்றும் மூன்று வழியாக வருகின்றன. சி.டி. டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்கு மெல்லிய தனி வயர் ஒன்று போகிறது. பாட்டு அதன் வழியே நேரே வந்துவிடுகிறது, கம்ப்யூட்டர் என்ன பாட்டு என்றுகூடக் கேட்பதில்லை. மிடி ஃபைலிலோ ஒலியே கிடையாது! எந்தக் கருவி, எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும். கார்டிலிருக்கும் சில்லு அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே வாசிக்கிறது. அதனால்தான் முழுப் பாட்டும் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. ‘டடா’ மட்டும்தான் உண்மையில் பதிவான ஒலி. அதற்கு ‘வேவ்’ என்று தனி வழி.

திரையின் ஓரத்திலிருந்த மஞ்சள் ஸ்பீக்கர் படத்தை இரண்டு முறை தட்டினோம். வரிசையாக ஏற்ற இறக்கக் குமிழ்கள் விரிந்தன. ‘வேவ்’ குமிழுக்குக் கீழே ‘மியூட்’ கட்டத்தில் ஒரு டிக்! யார் போட்டது? கூடத்தில் இருந்த யாரும் இல்லை. இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

24 நிமிடம் 30 விநாடி

ஸ்பீக்கர் பேசுகிறது, கார்டு பேசுகிறது. இனி வெளியுலகம். எங்களிடம் இருந்தது 28.8 மோடம், விநாடிக்கு 28,800 பிட். டயல் செய்ததும் அது போடும் கீச்சுமூச்சுச் சத்தம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது வெறும் இரைச்சல் அல்ல, இரண்டு மோடம்கள் தொலைபேசியில் பேரம் பேசுகின்றன! தொடக்கத்தில் வரும் நீண்ட ஒற்றை ஒலி, எதிரொலியை அடக்கும் கருவிகளைத் தூங்கப் போகச் சொல்லும் கட்டளை. அப்புறம் வருவதெல்லாம் ‘இந்த லைன் எவ்வளவு தாங்கும், நீ எவ்வளவு வேகம் பேசுவாய்’ என்ற விசாரணை. இந்தப் பேச்சு முடிவதற்குள் உள் அறையில் அத்தை ரிசீவரைத் தூக்கினால், போச்சு! முதலிலிருந்து எல்லாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சி.டி.யில் ஒலி எப்படி இருக்கிறது? விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி, இடது வலது என்று இரண்டு வரிசை. பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். 30 விநாடி வீணை அப்படியே வர வேண்டுமென்றால் எங்கள் மோடத்துக்கு 24 நிமிடம் 30 விநாடி பிடிக்கும். அதற்குள் தாத்தா இரண்டு தூக்கம் போட்டுவிடுவார்.

அப்புறம் எப்படி வந்தது? பிழிந்து வந்தது! நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்திலிருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை அல்லவா? பெரிய ஒலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சின்ன ஒலியைக் காது பொருட்படுத்துவதில்லை. காது விட்டுவிடுவதை ஃபைலும் விட்டுவிடலாம் என்பதுதான் எம்.பி.3-யின் சூட்சுமம். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிரான்டன்பர்க்கும் சகாக்களும் அதைச் செதுக்கியபோது, உரைகல்லாக வைத்துக்கொண்டது சூசன் வேகா துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாடல். தனிக்குரல் ஏமாற்ற இடம் கொடுக்காது. கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆனால் நாங்கள் கேட்டது எம்.பி.3 அல்ல. அதற்கும் எங்கள் மோடம் போதாது. அது ‘ரியல் ஆடியோ’. மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியே வந்த ராப் கிளேசர் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. முழுவதும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம், வர வரக் கேட்கலாம் என்பதுதான் அதன் கொடை. 28.8 மோடத்துக்காக அது இசையை விநாடிக்குச் சுமார் 20,000 பிட்டாகப் பிழிந்தது. அதாவது சி.டி.யில் இருந்ததில் எழுபதில் ஒரு பங்கு! வீணையின் மீட்டு பிழைத்தது. கமகத்தின் ஓரங்கள் தேய்ந்தன. தம்புரா ஓடைத் தண்ணீராய்ச் சலசலத்தது. தாத்தா சொன்ன கிணறு அதுதான்.

இந்த 1995-ஐ மட்டும் கொஞ்சம் பாருங்கள். ஏப்ரலில் ரியல் ஆடியோ வருகிறது. ஜூலை 14 அன்று ஃபிரான்ஹோஃபர்க்காரர்கள் தங்கள் ஃபைலுக்கு ‘எம்.பி.3’ என்ற வாலை ஒட்டுகிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறக்கிறது. ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95. செப்டம்பர் 5 அன்று சியாட்டிலும் நியூயார்க்கும் மோதிய பேஸ்பால் ஆட்ட வர்ணனை ரியல் ஆடியோவில் நேரலையாகப் போகிறது. ஐந்தே மாதத்தில் எங்கள் கூடத்துக்குத் தேவையான அத்தனை சாமானும் தயார்! நான்தான் நான்கு வருடம் தாமதம்.

கட்டியங்காரன் வந்தான்

இப்போது சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த ரகசியம். அந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தியதும் எங்கள் மெஷினுக்கு வந்த ஃபைலின் பெயர் ‘ராம்’ என்று முடிந்தது. “ராமான்னு ஆரம்பிக்கிறது, நல்லதுதான்” என்றார் தாத்தா. உண்மையில் முடிகிறது. பரவாயில்லை.

மூன்றாம் நாள் அந்த ஃபைல் ஓடவில்லை. வெறுத்துப்போய் அதை நோட்பேடில் திறந்தேன். வீணை எங்கே? ஒரே ஒரு வரி! ஒரு முகவரி! ‘இன்ன சர்வரில், இன்ன இடத்தில், இன்ன ஒலி இருக்கிறது, போய்க் கேள்’ என்று ஒரு துண்டுச்சீட்டு. கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து, இன்னார் வருகிறார், பராக் என்று அறிவிப்பானே, அதேதான். அவன் ராஜா இல்லை. ராஜா வரும் திசையைக் காட்டுகிறவன்.

அந்தச் சீட்டைப் படிக்க பிரவுசருக்குத் தெரியாது. சீட்டோடு ‘இது இன்ன வகைச் சரக்கு’ என்று சர்வர் ஒரு முத்திரை குத்தி அனுப்பும். பிரவுசர் முத்திரையைப் பார்த்து, ரியல் ஆடியோவை வாசிக்கும் ரியல் பிளேயரைக் கூப்பிடும். ரியல் பிளேயர் சீட்டிலிருக்கும் முகவரிக்குத் தானே போகும். எங்கள் மெஷினில் அந்த முத்திரைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ‘இதை எதில் திறப்பது?’ என்று பிரவுசர் கேட்டது. அவசரத்தில் தவறான பதிலைச் சொல்லிவைத்திருந்தோம்.

பொறுப்பேற்க ஆள் இல்லாத கஷ்டம் ஒரு பக்கம் என்றால், ஆள் கூடிப்போகும் கஷ்டம் மறுபக்கம். வின்ஆம்ப், ரியல் பிளேயர், விண்டோஸ் மீடியா பிளேயர் மூன்றும் ஒரே மெஷினில் இருந்தால் கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற சண்டைதான். புதிதாக ஒன்றை ஏற்றினால், எல்லா ஒலி ஃபைலும் இனி எனக்கே என்று துண்டு போட்டுவிடும். அடுத்த தடவை திறக்கும்போது மற்றது, ‘என் இடத்தை எடுத்துவிட்டார்கள், திருப்பித் தரவா?’ என்று கேட்கும். அண்ணன் பஞ்சாயத்து பண்ணினார். எம்.பி.3 வின்ஆம்புக்கு, ராம் ரியல் பிளேயருக்கு, மிச்சம் மீடியா பிளேயருக்கு. வழக்கு முடிந்தது.

மேல்நிலைத் தொட்டி

இனி அந்தப் ‘பஃபரிங்’. சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும், குளிக்கும்போது நின்றுவிடக் கூடாது. என்ன செய்வோம்? மாடியில் தொட்டி கட்டி, முதலில் நிரப்பி, அப்புறம் திறப்போம். ரியல் பிளேயரும் சில விநாடிகளுக்கு வேண்டிய ஒலியைத் தொட்டியில் பிடித்துவைத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கும். லைன் திணறினால் தொட்டியிலிருந்து சமாளிக்கும். தொட்டியும் வற்றினால் மறுபடி ‘பஃபரிங்’. அந்த 31 சதவீதத்தில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல்தான்.

வீட்டில் ஜெயித்த தைரியத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வித்தை காட்டப் போய் மூக்குடைந்தேன். அங்கே ஒரே இணைப்பைப் பல மெஷின்களுக்குப் பங்கு போடும் வாயிற்காப்போன் ஒருவன் நடுவில் இருந்தான். பிராக்ஸி என்று பெயர். ரியல் பிளேயர் 554, 7070 என்ற எண்ணுள்ள வாசல்களைக் கேட்கும். வாயிற்காப்போனுக்குத் தெரிந்ததோ இணையப் பக்கங்கள் வருகிற வாசல் மட்டும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரியல் பிளேயரின் அமைப்புக்குள் போய், எல்லாவற்றையும் அந்தப் பொது வாசல் வழியாகவே வாங்கிக்கொள் என்று மாற்றினார். அங்கேயும் ‘டொய்ங்’!

இன்றைக்கு?

இதில் பாதிக்குமேல் இப்போது அருங்காட்சியகத்தில். சவுண்ட் கார்டு மதர்போர்டுக்குள் கரைந்துவிட்டது. பிரவுசரே ஒலியை வாசிக்கக் கற்றுக்கொண்டது. நடுவில் பிரவுசருக்காக ஒலியை வாசித்து ராஜ்ஜியம் நடத்திய ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. மாதிரி கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும் நிலைத்தது. 2003 ஏப்ரலில் திறந்த ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையும் அதே 30 விநாடியைத்தான் இலவசமாகக் கொடுத்தது. 2010 கடைசியில் அமெரிக்காவில் நீளமான பாடல்களுக்கு அதை 90 ஆக்கினார்கள். எங்கள் தாத்தா கேட்டால், ராகம் பிடிபட அதுவும் போதாது என்பார்.

மௌனம் மட்டும் போகவில்லை. தளம் திறந்தும் சத்தம் வரவில்லையா? 2018-ல் வந்த 66-ஆம் பதிப்பிலிருந்து குரோம், நீங்கள் பக்கத்தைத் தொடும்வரை பெரும்பாலும் ஒலியைத் தானாகப் பாடவிடாது. தட்டிப் பாருங்கள். தட்டியும் இல்லையா? நாங்கள் நான்கு நாளில் கற்றதை நான்கு வரியில் தருகிறேன். முதலில் ஸ்பீக்கருக்குக் கரண்ட் இருக்கிறதா, வயர் பச்சை ஓட்டையில் இருக்கிறதா, அல்லது ஒலி பக்கத்து அறை புளூடூத் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து கம்ப்யூட்டரின் ஒலிக் குமிழ், அதில் மியூட். அடுத்து பிரவுசரில் அந்த டேப் வாயடைக்கப்பட்டிருக்கிறதா. எல்லாம் பார்த்த பிறகுதான் இணையத்தைத் திட்ட உங்களுக்கு உரிமை.

ஏன் காதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், வழி நெடுக வந்தது இசையே அல்ல. சர்வரில் எண், லைனில் எண், தொட்டியில் எண், ராம் ஃபைலிலோ வெறும் முகவரி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அதிரும் அந்தக் கடைசி அங்குலத்தில்தான் வீணை பிறக்கிறது. எங்கள் நான்கு நாளில் இரண்டைத் தின்றவை அந்தக் கடைசி முழத்தில் இருந்த ஒரு தப்பான ஓட்டையும் ஒரு டிக்கும்தான்.

ஆகவே, சத்தம் வராவிட்டால் முதலில் மேசைக்கு அடியில் தவழுங்கள். டார்ச் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.